அந்த ஓர் இரவின் ஜெபம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 51. பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. அழைத்துப் போக, நான்கு மணி நேரம் காத்திருக்க, திரும்பக் கூட்டிவர எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். அவர் குடிக்கும் தண்ணீரை நான்தான் அளந்து வைக்கிறேன். இன்னும் ஒரு வாய் வேண்டும் என்று கெஞ்சும்போது மறுப்பவளும் நான்தான்.

ஆரம்பத்தில் சபையார் எல்லாரும் வந்தார்கள். இப்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, விசுவாசக் குறைவினால்தான் சுகம் தாமதிக்கிறது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். இத்தனை வருடம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்திய எனக்கு இந்தப் பேச்சு தேவையா? என் கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மனைவி நான் இருக்கும்போது மற்றவர் எதற்கு என்று வேண்டாம் என்றுவிட்டேன். உண்மையான அக்கறை இருந்தால் மறுபடியும் கேட்டிருக்க மாட்டாரா?

டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையை நசுக்கிக்கொண்டு படுத்துவிடுகிறாரோ என்று இரவில் எழுந்து எழுந்து தொட்டுத் துடிப்பு பார்ப்பதால் எனக்குத் தூக்கமும் இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. முன்பு அப்படியில்லை, நடுவில் ஓர் இரவு, அவர் மூச்சுத்திணறி உட்கார்ந்தபடியே விடிந்தபோது, ஆண்டவரே, ஒன்று இவரை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டேன், அதிலிருந்துதான் இப்படி, அது போகட்டும். போன மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க நான் முன்னே போகாததை எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மா எல்லார் முன்னிலையிலும் விசாரித்தது மிகுந்த வருத்தம். கிறிஸ்து உதவுவார் என்று பிறருக்குச் சொன்ன எனக்கே விசுவாசம் தளர்ந்துவிட்டது. நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

அது போகட்டும் என்று நீங்கள் ஒதுக்கிவைத்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஜெபக்குழுச் சகோதரி சொன்னது தவறு. அதற்குமேல் அவருக்கு இந்தப் பதிலில் இடமில்லை.

கடவுள் கேட்பதில்லை என்று முடிவுகட்டிய ஒருவர், தான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டதே என்று இப்படி நடுங்கமாட்டார். நீங்கள் நடுங்குகிறீர்கள். கேட்டது பலித்துவிடுமோ, பலித்தால் நான்தானே காரணம் என்ற பயமும் குற்றவுணர்வும்தான் உங்கள் வாயை அடைத்து, திருவிருந்திலிருந்தும் உங்களை விலக்கி நிறுத்தியிருக்கின்றன. அதற்கு விசுவாசக் குறைவு என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டீர்கள். கணவர் சாகட்டும் என்று மனதார விரும்பும் ஒருத்தி, அந்தக் கையில் துடிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க நள்ளிரவில் எழுந்திருப்பாளா? அன்று நீங்கள் வேண்டியது அந்த வேதனை முடிய வேண்டும் என்பதைத்தான். நெடுங்காலம் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் நான் இதை அடிக்கடி கேட்கிறேன். சொல்லும்போது எல்லாரும் உங்களைப் போலவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்திய உங்களுக்கு வேதத்தில் எண்ணாகமம் 11ஆம் அதிகாரம் தெரிந்திருக்கும். இந்தப் பாரத்தை என் ஒருவனால் தாங்க முடியாது, என்னைக் கொன்றுபோடும் என்று மோசே கேட்டபோது, கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, கேட்டபடி கொல்லவும் இல்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள மூப்பரில் 70 பேரைக் கூட்டச் சொன்னார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கேட்டார். கேட்பதற்கு முன்பே பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போய், தம்மோடு விழித்திருக்கச் சொன்னார். கிறிஸ்துவே தனியாக இருக்க விரும்பாத இரவில் நீங்கள் மட்டும் ஏன் தனியாக இருக்க வேண்டும்?

இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. வலிய வந்த கொழுந்தனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று எழுதுகிறீர்கள். அவர் உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து ஒதுங்கியிருக்கிறார். அதை அக்கறையின்மைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. வானத்திலிருந்து இறங்கினால்தான் கிறிஸ்துவின் உதவி, பைக்கில் கொழுந்தன் வந்து இறங்கினால் அது வேறு என்று பிரித்துவைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்பதில் அன்போடு சிறிது பெருமையும் கலந்திருக்கிறது. ஐயரம்மா கேட்டதும் எனக்குக் குற்றச்சாட்டாகப் படவில்லை. உங்களைக் காணவில்லையே என்று கவனித்த ஒருவர் அவர். அவரிடமோ ஐயரிடமோ தனியாகப் போய் அந்த ஜெபத்தை அப்படியே சொல்லுங்கள்.

என்னை எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணம் மறுபடி வந்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கணவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொழுந்தனை இந்த வாரமே நீங்களாகக் கூப்பிடுங்கள். அவர் வந்து உட்காரும் முதல் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோவிலுக்குப் போகாமல் வீட்டில் தூங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.