பங்குனி, சித்திரையில் கன்னியாகுமரி மாவட்ட மலையாறுகளில் கயாக் (துடுப்புப் போடும் சிறுபடகு) ஓட்ட முடியுமா?

ஓட்டத் தண்ணீர் இருக்காது. ஆனாலும் அந்த மாதங்களில் ஆற்றுக்குப் போங்கள். கயாக் வேண்டாம், நடந்து போங்கள்.

வசந்த காலத்தில் ஆறு பொங்கும் வீடியோக்கள் இமயமலைப் பக்கத்தவை. அங்கே வெயில் ஏற ஏறப் பனி உருகும். நம் கோதையாறும் பரளியாறும் மழையை நம்பிய ஆறுகள். கும்பப்பூ நெல் அறுவடையோடு பேச்சிப்பாறை அணையை அடைத்தால் பாசனத்துக்குத் திறப்பது பெரும்பாலும் ஜூனில்தான். மாசி கழிந்தால் ஆற்றில் பாறைதான் தெரியும்.

நான் துடுப்புப் பிடிக்கக் கற்றது கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்துச் சாலிப்புழை ஆற்றில், ஜூலை மழையில். அந்தத் தைரியத்தில் ஓர் ஐப்பசியில் திற்பரப்பு அருவிக்குக் கீழே நண்பர்கள் இருவரோடு கோதையாற்றில் இறங்கினேன். ஒரு வளைவில் கயாக் கவிழ்ந்தது. வெளியே வந்துவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று காலை ஊன்றி எழுந்தேன். வலது பாதம் இரண்டு பாறைக்கு நடுவே போய்ச் சிக்கியது. பின்னாலிருந்து வந்த தண்ணீர் முதுகில் ஏறி என்னை முகம்குப்புறத் தள்ளியது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சு முட்டியபோதுதான் அது எனக்குப் புரிந்தது. கரையில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டா, "மக்களே, நிக்காத, மலந்து கிட!" என்று கத்தினார். நண்பன் எறிந்த கயிற்றைப் பிடித்து, ஓட்டத்துக்கு எதிராக உடம்பை இழுத்த பிறகே கால் வந்தது. ஷூ உள்ளேயே போய்விட்டது.

அடுத்த பங்குனியில் அதே இடத்துக்கு நடந்து போனேன். கணுக்கால்கூட நனையவில்லை. என் காலைப் பிடித்த இடுக்கு மேலே அகலமாக, உள்ளே போகப்போக ஆப்புச் செருகும் வடிவில் குறுகியிருந்தது. ஐப்பசியில் வழி என்று நான் நம்பிப் போன வழவழப்பான அலைக்கு அடியில் தட்டைப் பாறை. உண்மையான வழி இடது கரையை ஒட்டிய ஆழமான கயத்தின் பக்கம் இருந்தது. அதற்கும் கீழே சாய்ந்து கிடந்த மூங்கில் புதரைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அந்த மாதிரிப் புதர் வழியே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. அன்றிலிருந்து வருஷா வருஷம் பங்குனியில் நடந்து பார்த்து நோட்டில் வரைந்து வைக்கிறேன். ஒவ்வொரு வெள்ளமும் மரத்தையும் கல்லையும் இடம் மாற்றிவிடுகிறது.

நடக்கும்போது தடுப்பணைகளையும் சப்பாத்து என்னும் தாழ்வான தரைப்பாலங்களையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வருபவருக்கு அவை நேர்கோடு போலச் சாதுவாகத் தெரியும். விழுந்த தண்ணீர் அடியில் சுருண்டு அணையை நோக்கியே திரும்பும். ஆளையும் படகையும் வெளியே விடாது. கயாக்கைத் தூக்கிக்கொண்டு கரை வழியாகத்தான் கடக்க வேண்டும்.

கோடை மழையிலும் கவனம் தேவை. நம் தலைக்கு மேலே வெயில் அடிக்கும்போதே மலையில் கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேறிவிடுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் போகாதீர்கள்.

தண்ணீரில் இறங்கும் ஆசை இருந்தால், முதலில் நீச்சல் குளத்தில் கயாக்கைக் கவிழ்த்து வெளியே வரப் பழகுங்கள், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நிற்கட்டும். பிறகு மழை விட்டு இரண்டொரு நாள் கழித்து, தெளிந்த தண்ணீரில், மூன்று பேராகப் போங்கள். ஹெல்மெட், உயிர்காப்பு உடை, எறிகயிறு எல்லாம் கட்டாயம். காலைப் பத்திரிகையில் வரும் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். பேச்சிப்பாறையில் உபரி நீர் போகும் மறுகால் திறந்திருந்தால் அன்று ஆறு வேண்டாம்.

இந்தப் பங்குனியில் திற்பரப்பிலிருந்து மூவாற்றுமுகம் வரை நடக்கப் போகிறேன். வருகிறவர்கள் அடி வழுக்காத ஷூவும் ஒரு கம்பும் எடுத்து வாருங்கள். பத்து மணிக்கு மேல் பாறை கால் வைக்க முடியாதபடி சுடும், அதனால் விடியும்போதே கிளம்பிவிடுவோம்.