0.690 எப்படி வந்தது?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதிக் கோமாட்டைட்டில் (மிகப் பழைய, மக்னீசியம் மிகுந்த எரிமலைப் பாறை) இன்றைய ஸ்ட்ரான்சியம் 87/86 விகிதம் 0.705, ரூபிடியம் 87/ஸ்ட்ரான்சியம் 86 விகிதம் 0.3, 348 கோடி ஆண்டுக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டால் தொடக்க விகிதம் 0.690 வருகிறது, மூடகத்தில் (புவியோட்டுக்கு அடியில், இந்தக் குழம்பு உருகி வந்த அடுக்கு) ரூபிடியம் அவ்வளவு குறைவா என்று கேட்டிருந்தீர்கள். ரூபிடியம் 87 கதிரியக்கச் சிதைவால் மெல்ல ஸ்ட்ரான்சியம் 87 ஆக மாறுவதால், பின்னோக்கிப் போகப் போக இந்த விகிதம் குறையும்.

கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் சூரியக் குடும்பமே ஏறத்தாழ 0.699-இல்தான் தொடங்கியது. அதற்குக் கீழே எந்த மூடகமும் போக முடியாது.

கோளாறு ரூபிடியத்தில். எரிமலைக் குழம்பு உறைந்த பிறகு வெந்நீர் புகுந்து பாறை மாறும்போது அது சுலபமாக உள்ளே வரும், வெளியே போகும். பின்னால் வந்து சேர்ந்ததற்கும் சேர்த்து 348 கோடி ஆண்டு வட்டி போட்டுக் கழித்திருக்கிறீர்கள்!

முழுப்பாறைத் தூளை விட்டுவிடுங்கள். நுண்ணோக்கியில் பார்க்கும் மெல்லிய பாறைச் சீவலில், மாறாத கிளினோபைராக்சீன் என்ற கனிமம் தென்பட்டால் அதை மட்டும் பொறுக்கி, அமிலத்தில் கழுவி அளந்து பாருங்கள். அதில் ரூபிடியம் மிகக் குறைவு என்பதால் திருத்தமும் சிறிதாகிவிடும். கூடவே சமாரியம்–நியோடிமியம் முறையிலும் (சமாரியம் 147 சிதைந்து நியோடிமியம் 143 ஆவது) அளந்து பாருங்கள். இவ்விரண்டும் அவ்வளவு எளிதில் இடம்பெயராது. அப்புறம், எப்சிலான் (பாறையின் நியோடிமியம் விகிதம் காண்ட்ரைட் என்ற ஆதி விண்கற்களின் விகிதத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) கணக்கிடும்போது காண்ட்ரைட் மதிப்புகள் இரண்டையும் ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள்: நியோடிமியம் 143/144 விகிதம் 0.512630-க்கு சமாரியம் 147/நியோடிமியம் 144 விகிதம் 0.1960. பழைய 0.1967-ஐ இதோடு கலந்தால் மறுபடி இங்கேதான் வருவீர்கள்.