துபாயிலிருந்து மார்த்தாண்டத்துக்குக் கிறிஸ்துமஸ் பயணம்: ஒன்பது பேர் டிக்கெட்டை ஒரே மூச்சில் எடுக்காதீர்கள்

கேள்வி: துபாயில் இரண்டு குடும்பமாக இருக்கிறோம். பெரியவர்கள் 5 (இரண்டு ஜோடி, எங்கள் அம்மா), பிள்ளைகள் 3 (வயது 4, 9, 13), ஒரு கைக்குழந்தை. குழந்தைக்கு டிசம்பர் 29 அன்று 2 வயது முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு மார்த்தாண்டம் வந்துவிட்டு ஜனவரி முதல் வாரம் திரும்ப வேண்டும். ஒருவருக்குத் தேடினால் ஒரு விலை காட்டுகிறது, எல்லோருக்கும் சேர்த்துத் தேடினால் ஆளுக்கு 300 திர்ஹம் வரை கூடுகிறது. குறைந்த செலவில் எப்படி எடுப்பது?

பதில்:

நீங்கள் கவனித்த அந்த 300 திர்ஹம் வித்தியாசத்திலிருந்தே தொடங்குகிறேன். விலை ஏறியதற்குக் கிறிஸ்துமஸ் மட்டும் காரணம் இல்லை. உங்கள் எண்ணிக்கையும் ஒரு காரணம்.

ஒரே விமானத்தில், ஒரே வகுப்பில் இருந்தாலும் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை கிடையாது. விமான நிறுவனங்கள் இருக்கைகளைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கும். கீழ்ப்படியில் சில, அதற்கு மேல் சில என்று போகும். நீங்கள் எட்டு இருக்கை கேட்டால், எட்டும் ஒரே படியில் கிடைக்கும் இடம்வரை கணினி மேலே போய்விடும். கீழ்ப்படியில் மூன்று இருக்கை மிச்சம் இருந்தாலும் அது உங்களுக்குத் தெரியாது. எட்டுப் பேருக்கும் மேல்படி விலைதான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 650 திர்ஹமில் 3 இருக்கை, 780இல் 2, அதற்குப் பிறகு 950 என்று வைத்துக்கொள்வோம். எட்டையும் சேர்த்துத் தேடினால் 950 வீதம் 7,600. அதையே 3, 2, 3 என்று பிரித்து வாங்கினால் 1,950 + 1,560 + 2,850 = 6,360. விமானம் அதேதான். 1,240 திர்ஹம் கையில் நிற்கிறது.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே விமானத்தை முதலில் 1 பெரியவர் என்று தேடுங்கள். பிறகு 2, 3, 4 என்று கூட்டிக்கொண்டே போய், ஆளுக்கான விலை எந்த எண்ணிக்கையில் தாவுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். தாவும் இடங்கள்தான் நீங்கள் பிரிக்க வேண்டிய இடங்கள். வாங்கும்போது கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, ஒன்று முடிந்த கையோடு அடுத்தது. எல்லோருடைய பாஸ்போர்ட் எண், காலாவதி நாள், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எல்லாம் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருங்கள். பணம் கட்டும் பக்கம்வரை போய்ப் பாதியில் விட்டால் அந்த இருக்கைகள் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்வதும் உண்டு. அதனால் வெறுமனே பார்ப்பதற்காக அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

எங்கே பிரிக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஒவ்வொரு முன்பதிவிலும், அதாவது ஒவ்வொரு பிஎன்ஆரிலும், ஒரு பெரியவராவது இருக்க வேண்டும். கைக்குழந்தை தன்னை மடியில் வைத்துக்கொள்ளும் பெரியவர் இருக்கும் பிஎன்ஆரில்தான் வரும். ஒரு பெரியவருக்கு ஒரு கைக்குழந்தைதான். 12 வயதுவரை உள்ள பிள்ளைக்கு, அதே பிஎன்ஆரில் இருக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்குப் பக்கத்தில் இருக்கை தர வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் நம் நாட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பிள்ளையை வேறு பிஎன்ஆரில் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே உங்களுக்கு இப்படிப் பிரிக்கலாம்: ஒரு ஜோடி, 4 வயதுப் பிள்ளை, மடியில் கைக்குழந்தை ஒரு பிஎன்ஆர், அம்மாவும் 13 வயதுப் பிள்ளையும் ஒன்று, இன்னொரு ஜோடியும் 9 வயதுப் பிள்ளையும் ஒன்று. 3, 2, 3 சரியாக வந்துவிடும்.

குறைந்த கட்டண விமானங்களில் 2 வயது முடிந்த குழந்தைக்கும் பெரும்பாலும் பெரியவர் கட்டணம்தான். பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் 12 வயதுக்குள் இருந்தால் கொஞ்சம் குறையும். அதனால் ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். இணையத்தில் டிக்கெட் எடுப்பதற்கான வசதிக் கட்டணம் என்று கடைசியில் சேர்ப்பதும் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான்.

இனி உங்கள் குழந்தையின் பிறந்தநாள். வயதைப் பறக்கும் நாளை வைத்துத்தான் பார்ப்பார்கள். வரும்போது அது கைக்குழந்தை. திரும்பும்போது 2 வயது முடிந்த பிள்ளை, தனி இருக்கை கட்டாயம். வர 8 இருக்கை, போக 9 இருக்கை. போக வரச் சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கைக்குழந்தை என்று எடுத்துவிட்டால், ஜனவரியில் கவுண்டரில் நிற்கும்போது புது இருக்கை வாங்கச் சொல்வார்கள். அது அன்றைய விலை. இருக்கை இல்லாமலே போகவும் கூடும். அந்த ஜோடிக்கும் அந்தக் குழந்தைக்குமாவது வருவதைத் தனியாக, போவதைத் தனியாக எடுங்கள்.

எந்த நாள் வருவது? வளைகுடாவிலிருந்து நம் பக்கம் வரும் விமானங்கள் அங்கே பள்ளி அடைத்த நாளிலிருந்து 24ஆம் தேதிவரை நிறைந்து கிடக்கும். எதிர்த்திசையில் அதே நாட்களில் அவ்வளவு நெருக்கடி இருக்காது. ஜனவரி 2 முதல் 5வரை திசை மாறும்; பள்ளி திறப்புக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். வரும்போதும் போகும்போதும் நெருக்கடித் திசையிலேயே நீங்கள் இருக்கிறீர்கள். அதைத் தவிர்க்க முடியாது, ஆனால் ஒன்பது பேரும் அதில் மாட்ட வேண்டியதில்லை. அம்மாவுக்குப் பள்ளியும் இல்லை, அலுவலகமும் இல்லை. அவர்களோடு வரத் துணை இருந்தால், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3 அன்று முடிவதற்குள்ளேயே ஊருக்கு வந்து சேரலாம். அமீரக தேசிய தின விடுமுறை டிசம்பர் 2, 3. அதை ஒட்டிய வார இறுதியிலும் விலை ஏறும் என்பதால் நவம்பர் மூன்றாம் வாரம் பாருங்கள். இப்படி ஒருவர் முன்னால் வந்தாலே மிச்சம் ஏழு இருக்கைதான்.

திரும்புவதற்கு ஜனவரி 1 பகல் விமானங்களைப் பார்க்காமல் விடாதீர்கள். நள்ளிரவுப் புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு கிளம்ப யாருக்கும் மனம் வராது. அதனாலேயே அடுத்த இரண்டு நாட்களை விட அன்று விலை குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எப்போது எடுப்பது என்றால், ஜூலை, ஆகஸ்டில். இந்த வழித்தடத்தில் கிறிஸ்துமஸ் இருக்கை கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று காத்திருப்பது வேண்டாம். காலியாகப் பறக்கும் விமானத்துக்குத்தான் விலை இறக்குவார்கள். சலுகை விற்பனை அறிவிப்பு வந்தால் பயண நாட்களைப் படியுங்கள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 10 போன்ற நாட்களை அதிலிருந்து நீக்கியிருப்பது வழக்கம்.

விமான நிலையங்களுக்கு வருவோம். புறப்படும் இடத்தில் துபாய், சார்ஜா, அபுதாபி மூன்றையும் தேடுங்கள். சார்ஜா உங்களுக்கு டாக்சி தூரம்தான். துபாயிலேயே இரண்டு நிறுவனங்களில் பிரித்து எடுத்தால் டெர்மினல் எது என்று பாருங்கள். டெர்மினல் 2 ஓடுபாதைக்கு மறுபக்கம் இருக்கிறது. ஒரே வண்டியில் வந்து இரண்டு இடத்தில் ஆளை இறக்கி ஓட வேண்டிவரும்.

இறங்கும் இடத்தில் திருவனந்தபுரம்தான் முதல் தெரிவு. மார்த்தாண்டத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். சாக்கை பக்கம் உள்ள பன்னாட்டு முனையத்திலிருந்து வெளிவந்தவுடன் பைபாசில் ஏறி, திருவல்லம் சுங்கச்சாவடி தாண்டி, காரோடு வழியாகக் களியக்காவிளைப் பக்கம் வந்துவிடலாம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை நெரிசல் மிச்சம். வேனுக்குக் கேரளப் பர்மிட் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அந்தச் செலவு யார் தலையில் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கொச்சி ஆளுக்கு 100 திர்ஹம் குறைவு என்று காட்டினால் உடனே தாவாதீர்கள். கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து மார்த்தாண்டம் 250 கிலோமீட்டருக்கு மேல். தேசிய நெடுஞ்சாலை 66இல் அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் வண்டி ஊர்ந்துதான் போகும். பிள்ளைகளோடு ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. வேன் வாடகை, சாப்பாடு, ஒரு நாள் விடுப்பு எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு 150 திர்ஹமாவது குறைந்தால்தான் கொச்சி லாபம் என்பது என் கணக்கு. ரயில் என்றால், பெங்களூரிலிருந்து வரும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் காலையில் கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஆலுவா வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறது, மார்த்தாண்டத்தை ஒட்டிய குழித்துறையில் இறங்கலாம். ஆனால் அது சபரிமலைக் காலம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் திறக்கும் அன்றே எடுத்தாக வேண்டும்.

மதுரை பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. தூரத்தில் கொச்சியைப் போலத்தான், ஆனால் காவல்கிணறுவரை நால்வழிச்சாலை. ஐந்து மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் பக்கத்தவர்களுக்கு இன்னும் சுலபம். வளைகுடாவுக்கு அங்கிருந்து நேரடி விமானங்கள் குறைவு. உங்கள் நாளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

மும்பை அல்லது சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து திருவனந்தபுரமோ தூத்துக்குடியோ இன்னொரு டிக்கெட் என்று ஒட்டுப்போடுவதை இத்தனை பேரோடு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றம், சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. ஒன்பது டிக்கெட்டும் வீண். இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது: வளைகுடா டிக்கெட்டில் 30 கிலோ கிடைத்திருந்தாலும், தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோதான். மிச்சம் 15 கிலோவுக்கும் தலைக்குத் தலை பணம் கட்டுவீர்கள்.

பெட்டிக் கணக்கில்தான் மலிவு டிக்கெட் பெரும்பாலும் காலை வாரும். மிகக் குறைந்த விலையில் கைப்பை 7 கிலோ மட்டும் இருக்கலாம். எட்டுப் பேருக்கும் பெட்டியோடு கூடிய விலையை வாங்காமல், நால்வருக்கு மட்டும் கூடுதல் கிலோ சேர்த்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். சேர்ப்பதை டிக்கெட் எடுக்கும்போதே சேருங்கள். விமான நிலையக் கவுண்டரில் கிலோவுக்கு வாங்கும் பணம் பல மடங்கு. ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. பிஎன்ஆர் பிரிந்திருந்தால் ஒருவர் எடையை இன்னொருவர் கணக்கில் சேர்க்க மறுக்கலாம். ஆகவே கனமான பெட்டி எந்த பிஎன்ஆரில் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். திரும்பும்போது முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் தாராளமாகப் போகும். கொப்பரை மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கக்கூடியது என்று தடுத்துவிடுவார்கள். கசகசா ஒரு பொட்டலம்கூட வேண்டாம். அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் ஏஜெண்டுகளிடம் மொத்தமாக வாங்கி வைத்த இருக்கைகள் சில நேரம் இருக்கும். உண்மையிலேயே மலிவாகவும் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பெட்டி எத்தனை கிலோ, நாள் மாற்ற முடியுமா, ரத்து செய்தால் என்ன திரும்பும். டிக்கெட் வந்ததும் பிஎன்ஆரை விமான நிறுவனத் தளத்தில் போட்டுப் பெயர்களைச் சரிபார்த்து, தொடர்பு எண்ணை உங்கள் எண்ணாக மாற்றுங்கள். ஏஜெண்டின் எண்ணே அதில் இருந்தால், நேரம் மாறிய குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும்.

நிறுவனங்களின் குழுக் கட்டணம் பொதுவாக 10 பேர் முதல்தான். உறவினர் யாராவது சேர்ந்தால் கேட்டுப் பாருங்கள். பண்டிகை நாளில் விலை குறைவது அரிது; பெயரைப் பிறகு கொடுக்கலாம் என்பதே அதில் லாபம்.

பணம் திரும்பாத டிக்கெட்டை ரத்து செய்தாலும் அரசு வரியும் விமான நிலையப் பயனர் கட்டணமும் திரும்ப வேண்டும் என்பது இந்திய விதி. திருவனந்தபுரத்தில் 2024 ஜூலையில் அந்தக் கட்டணத்தை உயர்த்தி, வந்து இறங்குபவரிடமும் வசூலிக்கத் தொடங்கினார்கள். ஒன்பது பேருக்கு அது சிறு தொகை இல்லை, கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, தேதி. துபாயில் டிசம்பர் 20, 00.40 மணிக்குப் புறப்பாடு என்றால் நீங்கள் 19ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஊரில் வேன்காரரிடம் சொல்லும்போது புறப்படும் நேரத்தைச் சொல்லாமல், 20ஆம் தேதி விடியற்காலை இந்திய நேரம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதைச் சொல்லுங்கள். எட்டு, ஒன்பது பெட்டி இருப்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் மேலே கேரியர் உள்ள வேனாக அனுப்புவார்.