பேஸ்பால் தெரியாத ஒருவர் பாஸ்டனின் ஃபென்வே பார்க் அரங்கை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பதால் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. ஆட்டத்தின் விதிகள் தெரியாதவருக்கு, ஓர் ஆட்டத்தை நேரில் காண்பதைவிட இந்தச் சுற்றே அதிகம் விளங்க வைக்கும் என்பது அங்கே சென்று வந்தவன் என்ற முறையில் என் கருத்து. ஆட்ட நாளில் கண்கள் பந்தின் பின்னாலேயே ஓடும். வெற்று மைதானத்தில் நிற்கும்போதுதான் அந்தக் கட்டடத்தின் கோணல் வடிவமும், அவ்வடிவம் ஆட்டத்தையே எப்படி மாற்றுகிறது என்பதும் புலப்படும்.

1912 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஃபென்வே பார்க், அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் அரங்குகளில் இன்றும் பயன்பாட்டில் இருப்பவற்றுள் மிகப் பழமையானது. தெருக்களுக்கு நடுவே கிடைத்த ஒழுங்கற்ற மனையில் இதைக் கட்டியதால், இடப்பக்கம் லான்ஸ்டவுன் தெரு குறுக்கிட்டு மைதானத்தை நெருக்குகிறது. மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இடது மூலை 310 அடிதான் என்று குறிக்கப்பட்டிருக்க, நடுப்பகுதியின் ஆழமான மூலையோ 420 அடி தள்ளி இருக்கிறது. கிரிக்கெட்டில் எல்லைக் கயிற்றை முன்னும் பின்னும் நகர்த்தலாம். இங்கே தெருவை நகர்த்த முடியாது. ஆகவே, அந்தக் குறுகிய பக்கத்தில் 37 அடி 2 அங்குல உயரச் சுவர் ஒன்று எழுந்து நிற்கிறது. தொடக்கத்தில் மரத்தால் ஆன அச்சுவர் 1934இல் மாற்றிக் கட்டப்பட்டது. 1947இல், அதுவரை அதை மூடியிருந்த விளம்பரங்கள் நீக்கப்பட்டு, பச்சை வண்ணம் பெற்றது. ‘கிரீன் மான்ஸ்டர்’ (பச்சை அரக்கன்) என்ற பெயர் அதன் பின்னரே நிலைத்தது.

இச்சுவரின் உச்சியில் 2003இல் அமைக்கப்பட்ட இருக்கைகளுக்கு வழிகாட்டி அழைத்துச் செல்வதே இந்தச் சுற்றின் சிறந்த பகுதி. வேறு பல அரங்குகளில் எல்லையைத் தாண்டி ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) ஆகியிருக்கக்கூடிய தாழ்வான, வேகமான அடி இங்கே சுவரில் மோதித் திரும்பி வந்துவிடுகிறது. வேறிடங்களில் எளிதாகப் பிடிபட்டிருக்கும் உயரமான பந்தோ சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் போய்விடுகிறது. மேலிருந்து கீழே பார்க்கும்போது, விளக்கம் ஏதும் இல்லாமலேயே இது பிடிபட்டுவிடும். சுவரின் அடியில் உள்ள ஸ்கோர்போர்டில் இன்றும் ஆட்கள் உள்ளே இருந்து எண் பலகைகளைக் கையால் மாற்றுகிறார்கள். அதிலுள்ள வெள்ளைக் கோடுகளை உற்றுப் பார்த்தால், இவ்வரங்கின் சொந்த அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் உரிமையாளராக நெடுங்காலம் இருந்த டாம் யாக்கி, அவருடைய மனைவி ஜீன் ஆகியோரின் பெயர் முதலெழுத்துகள் மோர்ஸ் குறியீட்டில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

யாக்கியின் பெயர் வரும் இடத்தில் வழிகாட்டியிடம் நீங்களாகவே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உள்ளிட்ட மூன்று கறுப்பின வீரர்கள் இதே மைதானத்தில் தேர்வு ஆட்டம் ஆடிக்காட்டினார்கள். ரெட் சாக்ஸ் அணி அவர்களில் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ராபின்சன் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் களமிறங்கி, அதுவரை பல பத்தாண்டுகளாகக் கறுப்பின வீரர்களுக்கு மூடியிருந்த முதன்மை பேஸ்பாலின் கதவைத் திறந்து வரலாறு படைத்தார். ரெட் சாக்ஸோ 1959இல் பம்ப்சி கிரீனைக் களமிறக்கி, கறுப்பின வீரரை ஆடவைத்த கடைசி முதன்மை அணி என்ற நிலையை அடைந்தது. அரங்கின் வாசலில் உள்ள தெரு யாக்கியின் பெயரைத் துறந்து, 2018இல் மீண்டும் ஜெர்சி தெரு ஆனதன் பின்னணி இதுதான். இந்த வரலாற்றை அறியாமல் அரங்கின் அழகை மட்டும் பார்த்துத் திரும்புவது முழுமையான பார்வை ஆகாது.

வலப்பக்கத் திறந்தவெளி மாடத்தில், பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஓர் இருக்கை மட்டும் சிவப்பாக இருக்கும். 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸ் நட்சத்திர மட்டையாளர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே அமர்ந்திருந்த ரசிகர் ஒருவரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்தது. ஹோம் பிளேட் பக்கம் நின்று அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடினால்தான் அத்தொலைவு மனத்தில் உறைக்கும். கூரை மாடத்தின் நீல மர இருக்கைகளிலும் சற்று நேரம் அமர்ந்து பாருங்கள். அவை மிகக் குறுகலானவை. சிலவற்றின் முன்னே இரும்புத் தூண் வந்து பார்வையை மறைக்கும். 1999இல் இவ்வரங்கை விட்டு அருகிலேயே புதியது கட்ட அணி நிர்வாகம் திட்டமிட்டதற்கு இத்தகைய குறைகளும் காரணங்களாயின. ரசிகர்கள் அதை எதிர்த்தார்கள். 2002இல் பொறுப்பேற்ற புதிய உரிமையாளர்கள் பழைய அரங்கையே புதுப்பிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முடிவை நான் மனதார வரவேற்கிறேன்.

சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும். ஆட்டம் இல்லாத நாளின் காலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆட்ட நாள்களில் முன்னேற்பாடுகள் நடப்பதால் சில பகுதிகளுக்குச் செல்ல இயலாமல் போகலாம். படிகளும் சரிவுகளும் இருப்பதால், உடன் வரும் முதியவர்களுக்கு என்ன வசதி உண்டு என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சுரங்க ரயிலின் பச்சைத் தடத்தில் கென்மோர் நிலையத்தில் இறங்கினால் அரங்கிற்கு நடந்தே போய்விடலாம்.