சூட்கேஸ் போல் திறக்கும் முதுகுப்பை: சிப்பைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: என் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். மாதம் ஒரு தடவையாவது கண்டி பஸ்ஸில் வந்துபோவாள். ஆண்டு இறுதியில் உறவினர் திருமணத்துக்காகச் சென்னைக்கு விமானத்தில் போகும் எண்ணமும் உண்டு. சூட்கேஸ் மாதிரி முழுவதுமாக விரியும் முதுகுப்பைதான் வேண்டும் என்கிறாள். மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு கடையில் 60 லீற்றர் பையை எடுக்கச் சொன்னார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: உங்கள் மகள் கேட்பது அவருக்குப் பொருத்தமான பைதான். விடுதி அறையில் பையைக் கட்டிலில் கிடத்தி ஒரே தடவையில் திறந்து, அடியில் கிடக்கும் உடுப்பையும் மேலுள்ளவற்றைக் கலைக்காமல் எடுத்துவிடலாம். ஆனால் இது போய்ச் சேர்ந்த இடத்தில் திறப்பதற்கான பை. பஸ் இருக்கையில் மடியில் வைத்துத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை, தொலைபேசி ஆகியவற்றுக்கு, பெரிய சிப்பைத் தொடாமலே திறக்கக்கூடிய ஒரு சிறிய அறை மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத பை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கடையில் பெரும்பாலானோர் முதலில் எண்ணுவது உள்ளறைகளைத்தான். இந்த வகைப் பையில் முதலில் பார்க்க வேண்டியது சிப். சாதாரணப் பையில் சிப் வாயை மட்டும் மூடுகிறது; இதிலோ மூன்று பக்கங்களிலும் பையை ஒன்றாகப் பிடித்துவைத்திருப்பதே சிப்தான் என்பதால், அது விட்டுப்போனால் பை முழுவதுமே பயனற்றுப் போகும். சிப்பை இழுத்துத் திறந்து மூடும் துண்டான ரன்னரைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பல சிப்களில் அங்கே 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருக்கும். மூடிய நிலையில் பல்வரிசை ஏறத்தாழ எத்தனை மில்லிமீற்றர் அகலம் என்பதை அது காட்டுகிறது. வெளியறைகளுக்கு 5 போதும். பிரதான திறப்புக்கு 8 அல்லது 10 இருக்க வேண்டும். ஜப்பானியச் சிப் நிறுவனமான வைகேகேயின் (YKK) எழுத்துப் பொறித்திருப்பது நல்ல அறிகுறிதான், ஆயினும் சந்தையில் போலிகளும் உண்டு என்பதால் எழுத்தை மட்டும் நம்பாமல் கையால் சோதியுங்கள். நைலோன் சுருளால் ஆன சிப் மூலைகளில் நன்றாக வளையும். பல் ஓரிடத்தில் பிரிந்தாலும் ரன்னரைப் பின்னுக்கு இழுத்து மறுபடி மூடினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். உலோகப் பல் சிப்பைத் தவிர்த்துவிடுங்கள். கடற்கரையோரம் வாழும் நமக்கு உப்புக்காற்றே அதற்கு எதிரி.

அடுத்ததாக, சிப் எந்த வழியாக ஓடுகிறது என்று பாருங்கள். சில பைகள் புத்தகம் போலப் பக்கவாட்டில் விரியும். அவற்றில் சிப் பையின் அடிப்பக்கத்தையும் சுற்றிவரும். பையை நிறுத்திவைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் தரையில் உரசும். மழைக்காலத்தில் பஸ் தரிப்பிடத்துச் சேற்றில் வைத்தால் தண்ணீர் உள்ளே போவதும் அவ்வழியேதான். சிப் மேலே தொடங்கி இரு பக்கமும் இறங்கி அடிக்குச் சற்று மேலே நின்றுவிடுவதும், மூடி அடிப்பக்கத்தில் மடிந்து திறப்பதுமான பையே எனது தெரிவு.

திறப்பு முன்பக்கமா, முதுகுப்பக்கமா என்பதும் முக்கியம். முதுகுப்பக்கம் திறக்கும் பையில் சிப் உடலோடு ஒட்டியிருப்பதால், நெரிசலில் பின்னால் நிற்பவர் கைவைப்பது கடினம். கிடத்தும்போது தோள்பட்டிகள் மண்ணில் படுவதுமில்லை. ஆனால் அத்தகைய பைகள் பெரும்பாலானவற்றில் தோள்பட்டிகள் அந்தத் திறக்கும் மூடியிலேயே தைக்கப்பட்டிருப்பதால் சுமையின் ஒரு பங்கைச் சிப்பே தாங்க நேர்கிறது. பாடப்புத்தகம் சுமக்கப்போகும் ஒருவருக்கு நான் முன்பக்கம் திறப்பதையே சொல்வேன். அதிலும் இரு பக்கமும் இறுக்குப்பட்டிகள் இருக்க வேண்டும். பையை நிரப்பி மூடியபின் அவற்றை இறுக்கினால், உள்ளிருந்து சிப்பைத் தள்ளும் அழுத்தத்தைப் பட்டிகள் ஏற்றுக்கொள்ளும்.

இப்போது 60 லீற்றருக்கு வருவோம். விமானத்தில் கைப்பொதியாகக் கொண்டுபோவதாயின் அது நிச்சயம் பெரிது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கைப்பொதிக்குக் கூறும் பொது அளவு 56, 45, 25 சென்ரிமீற்றர். பல விமான சேவைகள் அதனிலும் சிறிய அளவையே ஏற்கின்றன. 55, 35, 20 சென்ரிமீற்றர் கொண்ட பையைப் பெருக்கிப் பார்த்தால் 38.5 லீற்றர் வருகிறது. ஆகவே 40 லீற்றரைத் தாண்ட வேண்டாம். மாதாந்தம் வந்துபோக அதுவே தாராளம். அதற்குமேல் இடமிருந்தால் அதை நிரப்பாமல் யாரும் விடுவதில்லை, சுமப்பதும் உங்கள் மகள்தான். எடையையும் கவனியுங்கள்: ஸ்ரீலங்கன் விமான சேவை சாதாரண வகுப்பில் கைப்பொதிக்கு 7 கிலோவையே அனுமதிக்கிறது. பையே ஒன்றரைக் கிலோ என்றால் உடுப்புக்கு எஞ்சுவது ஐந்தரைக் கிலோ. இந்த வகைப் பைகளில் சிப்பும் தடிப்பான ஓரங்களும் கூடுதல் என்பதால் அவை சாதாரணப் பைகளைவிடப் பாரமாகவே இருக்கும். விலை கேட்கும்போதே வெறும் பையின் எடையையும் கேளுங்கள்.

துணியைப் பொறுத்தவரை 600D, 420D என்று எழுதியிருப்பது நூலின் தடிப்பு. 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பதே அந்த எண். எண் பெரிதானால் துணி உறுதியானது என்று கடைக்காரர் சொல்வது ஒரே வகை நூலுக்குள் மட்டும் பொருந்தும். 420D நைலோன் பல வேளைகளில் 600D பொலியெஸ்டரைவிட நன்றாக உரசலைத் தாங்கும்.

மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதுகின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடும்; தலையைக் குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரையுள்ளதே அந்த நீளம். பாரமேற்றிய பையை மாட்டும்போது இடுப்புப்பட்டி வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின்மேல் அமர வேண்டும். அப்படி அமர்ந்தால்தான் பாரம் தோளிலிருந்து இறங்கும். பாரத்துக்குக் கடையில் எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டாம்: 80 கிராம் ஏ4 கடதாசி ஒரு ரீம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. மூன்று ரீம் கொண்டுபோய் உள்ளே வைத்து, மேலே ஒரு போர்வையைத் திணித்து மூடச் சொல்லுங்கள். மேல் மூலைகளில் ரன்னர் தயங்குகிறதா, மூடியபின் இரு பக்கத்தையும் விரலால் விலக்கினால் பற்களுக்கிடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தோள்பட்டி பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவே பெருக்கல் குறியிட்ட தையல் இருந்தால் நல்லது. ஒற்றைக் கோடாக ஓடியிருந்தால் அந்தப் பையை வைத்துவிட்டு வாருங்கள். இதற்கெல்லாம் இடங்கொடாத கடையில் வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கில்லை.

கேள்வி: 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருந்த இத்தகைய பை மார்கழி மழையில் உள்ளே நனைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: துணி தண்ணீரைத் தடுத்திருக்கலாம், தையலின் ஊசித்துளைகளும் நீண்ட சிப்பும் தடுக்கவில்லை. இந்த வகைப் பையில் சிப் நீளமென்பதால் நனையும் வழியும் நீளம். மழை உறை போட்டாலும் முதுகுப்பக்கம் மூடப்படாது. எனவே உடுப்பையும் கடதாசிகளையும் தடித்த பொலித்தீன் பையில் இட்டு வாயை முறுக்கிக் கட்டி உள்ளே வைப்பதே நம்பகமானது. வீட்டுக்கு வந்ததும் பையை முழுவதுமாக விரித்து நிழலில் காயவையுங்கள். துணியின் உட்பக்கத்தில் பூசியிருக்கும் பொலியூரிதேன் பூச்சு ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் சிதைந்து, கையில் ஒட்டும், பிறகு செதிலாக உரியும். கடையில் நெடுநாள் கிடந்த பைகளிலும் இதைக் காணலாம். வாங்குமுன் உட்பக்கத்தைத் தடவி, முகர்ந்து பாருங்கள்.

கேள்வி: ஒன்லைனில் வாங்கிய பையின் பிரதான சிப் இரண்டாம் மாதமே விட்டுவிட்டது. ஆறு மாத உத்தரவாதம் என்றவர்கள் இப்போது பதில் சொல்வதில்லை.
- வாசகர், கல்முனை

பதில்: திருத்துவதற்கு முன், சிப் விட்ட இடத்தைக் கிட்டவும் எட்டவுமாகப் படமெடுத்து, உத்தரவாத வாசகத்தையும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் சேர்த்து விற்பனையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையெனில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் விற்கப்பட்டதென்ற முறைப்பாட்டை, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், உங்களுக்கு எஞ்சியிருக்கும் காலம் குறைவு. ஆறு மாத உத்தரவாதம் இருக்கிறதே என்று காத்திருந்துவிடாதீர்கள். வழிகாட்டலுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

முறைப்பாடு முடிந்தபின், பற்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பழுது பெரும்பாலும் ரன்னரில்தான். அதன் வாய் அகன்று பற்களைச் சேர்த்து அழுத்த முடியாமற் போயிருக்கும். பை தைப்பவரிடம் கொடுத்து அதே எண்ணுள்ள ரன்னரை மாற்றச் சொல்லுங்கள், முழுச் சிப்பையும் மாற்றும் செலவு தேவைப்படாது.