இரட்டைக் குழந்தை ஆசையும் மாமியாரின் பயமும்

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதால் மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. இப்போது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையைச் செய்துகொள்ள இருக்கிறோம். இப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது குறை இருக்கும் என்று மாமியார் பயப்படுகிறார். கணவரோ, இரண்டு கருக்களை வைத்தால் ஒரே செலவில் இரட்டைக் குழந்தை கிடைத்துவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் மாமியாரின் பயத்தைவிடக் கணவரின் ஆசைதான் எனக்குக் கவலை தருகிறது. இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிரசவத்தில் முடிகின்றன. எடை குறைவாகப் பிறந்து, பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால், அவர் சொல்லும் 'ஒரே செலவு' நிற்காது. தாய்க்கும் ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை, பிரசவத்துக்குப் பின் மிகுந்த ரத்தப்போக்கு ஆகியவற்றின் வாய்ப்பு கூடும். நல்ல தரமான கரு ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, மற்றதை உறைநிலையில் பாதுகாத்துப் பின்னர் வைக்கலாம்; உங்கள் வயதில் இதனால் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

மாமியாரின் பயத்தில் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் பழி முழுவதையும் சிகிச்சையின் மேல் போட முடியாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பிறவிக் குறைபாடு இயல்பாகக் கருத்தரித்தவர்களின் குழந்தைகளில் 5.8 விழுக்காடாகவும், செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்தவர்களில் 8.3 விழுக்காடாகவும் இருந்தது. தாயின் வயது போன்றவற்றைக் கணக்கில் கொண்டபோது வழக்கமான ஐ.வி.எஃப்.-இல் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. விந்தணுவை ஊசியால் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறையில் மட்டும் நீடித்தது. குழந்தையின்மைப் பிரச்சினை இருந்தும் சிகிச்சையே பெறாமல் கருத்தரித்தவர்களிடமும் இந்த ஆபத்து சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததுதான் முக்கியமான செய்தி. கருத்தரிக்கத் தாமதமாவதற்குக் காரணமான உடல்நிலையே கர்ப்பத்திலும் கூடவே வருகிறது. உங்கள் கணவரின் விந்தணுப் பரிசோதனை இயல்பாக இருந்தால், இக்சி எதற்காக என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

உங்களுக்கு இருக்கும் நீர்க்கட்டிப் பிரச்சினை சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தூண்டக்கூடியது. எனவே சிகிச்சை தொடங்கும் முன்பே சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், எடை ஆகியவற்றைச் சரிபார்த்து, ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். கர்ப்பம் உறுதியானதும், ரத்த அழுத்தச் சிக்கலைத் தவிர்க்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று மருத்துவரிடம் 12 வாரத்துக்குள் கேளுங்கள்.

முட்டைகளைத் தூண்டும் ஊசிகளுக்கு உங்களைப் போன்றவர்களின் சினைப்பை அளவுக்கு மீறி வீங்குவதுண்டு. மருந்தின் அளவைக் குறைப்பதும், கருக்களை உடனே வைக்காமல் உறைய வைப்பதும் இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். முட்டை எடுத்த சில நாட்களில், காலையில் கட்டிய பாவாடை நாடா மாலைக்குள் இறுக்கினாலோ, எடை விறுவிறுவென ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.