ஸ்கேனில் மூளை இயல்பாக இருந்தால் மனச்சிதைவு நோய் இல்லையா?

கேள்வி: 22 வயதாகும் என் தம்பிக்கு மனச்சிதைவு நோயின் ஆரம்ப நிலை என்று கூறி, மனநல மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார். எம்.ஆர்.ஐ. அறிக்கையிலோ மூளை இயல்பாக இருப்பதாகவே எழுதியுள்ளது. இந்நோயில் மூளை சுருங்கும் என்று படித்தேன். அப்படியானால் நோய் தவறாகக் கணிக்கப்பட்டுவிட்டதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த அறிக்கையை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. இல்லாத குரல் காதில் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகம், கோவையற்ற பேச்சு, ஒதுங்கிப்போவது போன்ற அறிகுறிகளையும் அவை நீடிக்கும் காலத்தையும் பார்த்தே மனச்சிதைவு நோய் கணிக்கப்படுகிறது. மூளைக் கட்டி, மூளை அழற்சி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவே ஸ்கேன் எடுக்கிறார்கள்.

நீங்கள் படித்ததிலும் உண்மை இருக்கிறது. நெடுங்காலம் இந்நோயோடு வாழ்ந்தவர்களின் மூளையில் திரவம் நிறைந்த அறைகள் பெரிதாகியிருப்பதை (சுற்றியுள்ள மூளைத் திசு குறைந்ததன் அடையாளம் இது) 1976-இல் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டோன் குழுவினர் சி.டி. ஸ்கேன் மூலம் காட்டினர். நோய் முதன்முறையாக வெளிப்பட்டவர்களிடமும் இதே மாற்றம் மிதமாக இருப்பதும், ஹிப்போகேம்பஸ், புலன் செய்திகளைக் கடத்தும் தலாமஸ், முன்மூளைப் புறணியின் சில பகுதிகள் ஆகியவை சற்றுச் சிறுத்திருப்பதும் பின்னர் எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் தெரியவந்தன. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று கன சென்டிமீட்டர்தான் இருக்கும். அதில் சில சதவீதக் குறைவைக் கணினியால் அளந்து பலருடைய சராசரியோடு ஒப்பிட்டால்தான் அறிய முடியுமே தவிர, படத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆண்களின் சராசரி உயரம் பெண்களுடையதைவிட அதிகம் என்றாலும், உயரத்தை மட்டும் கொண்டு ஒருவர் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதல்லவா? இதுவும் அப்படித்தான்.

'சுருக்கம்' என்றதும் நரம்பணுக்கள் கூட்டமாக மடிவதாக எண்ணி அஞ்ச வேண்டாம். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது அத்தகைய பேரழிவு தென்படவில்லை. அணுக்களை இணைக்கும் நுண்கிளைகளும் இணைப்புகளும் குறைந்திருப்பதே பெரிதும் காணப்பட்டது. வளரிளம் பருவத்தில் தேவையற்ற நரம்பிணைப்புகளை மூளை தானே களைவது எல்லோருக்கும் இயல்பு. இந்நோயில் அது அளவுமீறி நடக்கலாம் என்ற கருத்துக்கு, இணைப்புகளைக் களைவதில் பங்குள்ள 'சி4' மரபணு பற்றி 2016-இல் வெளியான ஆய்வு வலுச் சேர்த்தது.

மருந்துகளும் மூளையின் அளவை ஓரளவு மாற்றக்கூடும் என்று சில ஆய்வுகள் கூறுவது உண்மையே. அதற்காகத் தம்பியின் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் தீவிரமாகும் அபாயம் மிக அதிகம். அவருடைய தூக்கம், பேச்சு, பழகும் விதம் ஆகியவற்றில் காணும் மாற்றங்களைத் தேதியுடன் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சையைச் சரிசெய்ய, இன்னொரு ஸ்கேனைவிட அந்தக் குறிப்பே அவருக்கு அதிகம் பயன்படும்.